கழுவாமல் வந்த பெட்டி

வேன் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், பின்பக்கக் கேட்டை ஒட்டி நீளமாக ஓர் அறை உண்டு. சர்வீஸ் சென்டர்களில் கழற்றிய பழுதான பாகங்களெல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு அங்கேதான் வந்து சேரும். அவற்றைப் பிரித்து, கூடவே வந்த சீட்டைப் படித்து, பதிவேட்டில் ஏற்றி, சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது ஒரு பெண்ணின் வேலை. பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி கம்பெனி முழுக்க அவள் பெயர் பளிச்சு.

அவள் மேசையில் தூசி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். பேசிக்கொண்டே துடைப்பாள், கேட்டுக்கொண்டே துடைப்பாள், திட்டு வாங்கும்போது இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைப்பாள். பாகங்களைச் சுத்தம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி இருந்தது. எந்தக் காலத்திலோ எந்த அதிகாரியின் சட்டையிலோ கிரீஸ் பட்டதால் பிறந்த விதி அது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைப் பளிச்சு அளவுக்குக் கட்டிக்காத்தவர் யாரும் கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் அழுக்கு தெரிந்தால் போதும், ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, "அழுக்காக உள்ளது. சுத்தம் செய்து அனுப்பவும்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டு, பெட்டியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள்.

சிவப்புச் சீட்டுக்குப் பயந்து எல்லா ஒர்க்ஷாப்காரர்களும் பாகங்களை ஸ்பிரே அடித்து, துடைத்து, காயவைத்து, புதுப்பெண்ணை அனுப்புகிற மாதிரி அனுப்பினார்கள். ஒரே ஒருவரைத் தவிர. ஊர்க்கோடியில் இருந்த ஒரு சின்ன ஒர்க்ஷாப்பின் மெக்கானிக் அவர். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். அதனால் அவர் பெயரே நாளைக்கு ஆகிவிட்டது. வேலையில் சூரர், மற்ற எல்லாவற்றிலும் சோம்பேறி. அவர் அனுப்பும் பெட்டியைப் பிரிக்குமுன் பளிச்சு பெருமூச்சு ஒன்றை விட்டுக்கொள்வாள்.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பளிச்சுவின் அக்கா கணவர் சொந்த வேன் வைத்திருந்தார். பளிச்சு வேலை பார்க்கும் கம்பெனியின் வேன்தான். அவள் சொல்லித்தான் வாங்கினார். ஆஸ்பத்திரி நர்சுகளை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குவது அவர் தொழில். பன்னிரண்டு வருடத்தில் யார் மேலும் ஒரு கீறல் போட்டதில்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், நர்சுகளை இறக்கிவிட்டு, கடைக்கு வந்திருந்த அக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார். மேம்பாலத்திலிருந்து இறங்கும் இடதுபக்க வளைவில் இன்ஜின் பட்டென்று அணைந்தது. ஸ்டீயரிங் இறுகிப்போனது. பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. வேன் விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. அக்காவின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. இன்றுவரை அவளால் ஈரத்துணியைப் பிழிய முடியாது.

"இன்ஜின் தானா அணைஞ்சுது" என்று அத்தான் எல்லோரிடமும் சொன்னார். கம்பெனி ஆள் வந்து வேனைப் பார்த்தார். இன்ஜினுக்கு மின்சாரம் விடும் ரிலே என்ற சின்னக் கறுப்புப் பெட்டியைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பாகத்தில் குறை ஏதும் இல்லை. ஓட்டுநர் தவறுதலாகச் சாவியைத் திருப்பியிருக்கலாம். அவ்வளவுதான். நர்சுகளின் வேலை வேறு வண்டிக்குப் போனது. அத்தான் ஒரு கிடங்கில் கேட்டுக்குக் காவலிருக்கப் போனார்.

அந்தப் பதில் வந்த அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பளிச்சு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அத்தான், மெஷின்ல வச்சுப் பாத்திருக்காங்க. மெஷின் பொய் சொல்லாது" என்றாள்.

அத்தான் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "சரிம்மா" என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார். அதற்கப்புறம் ஆறு மாதம் அக்கா அவளுக்குப் போன் செய்யவில்லை. அப்புறம் பேசினாள், ஆனால் "உன் கம்பெனி" என்று சொல்லும்போது குரல் மாறும். அத்தானோ விபத்தைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "என் கைதான் பட்டிருக்கும் போல" என்று சொல்லிவிடுவார். கேட்கும்போதெல்லாம் பளிச்சு துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

வேனை மட்டும் அவர் விற்கவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சரிவில் உறைபோட்டு நிறுத்தி வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் செய்து, ஏசியையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். ஏன் விற்கவில்லை என்று பளிச்சு ஒருமுறை கேட்டபோது, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்படி மூன்று வருடம் ஓடிய பிறகுதான் நாளைக்குவிடமிருந்து அந்தப் பெட்டி வந்தது. உள்ளே அதே மாதிரி வேனின் ரிலே, கறுப்பாக, அழுக்கோடு. பளிச்சு சிவப்புச் சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பினாள். ஒரு வாரத்தில் அப்படியே வந்தது. மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் அப்படியே வந்தது, அவளுடைய இரண்டு சிவப்புச் சீட்டுகளும் உள்ளேயே இருந்தன.

"இந்த மனுஷனோட மல்லுக்கட்ட என்னால முடியாது" என்று தலையில் அடித்துக்கொண்டு, தானே துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தாள். துணி ரிலேவைத் தொடுவதற்கு முன்னால் கை நின்றுவிட்டது.

அழுக்கு எத்தனை வகை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ரோட்டுப் புழுதி ஒரு மாதிரி இருக்கும், கிரீஸ் ஒரு மாதிரி, புகை ஒரு மாதிரி. இது அதெல்லாம் இல்லை. செம்புக் கால்களைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. அதற்குமேல் வெள்ளையாக ஒரு கோடு, தண்ணீர் தேங்கி வற்றின தடம். அந்தக் கோடும் நேராக இல்லை, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டி ஒருபக்கம் சரிந்திருக்கும்போது விழுந்த தண்ணீர்! அத்தானின் வேனும் வளைவில்தானே அணைந்தது! உடனே நாளைக்குவுக்குப் போன் போட்டாள்.

எடுத்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். "மேடம், கழுவணும்னுதான் எடுத்து வச்சேன். அதுக்குள்ள உங்க ஆளு பெட்டிய வாங்கிட்டுப் போயிட்டாரு. திருப்பி அனுப்புங்க, நாளைக்கு..."

"கழுவாதீங்க! அய்யோ, கழுவவே கழுவாதீங்க! இதுல தண்ணி எங்கேருந்து வந்துது?"

அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கழுவாதே என்று பளிச்சு சொல்லி அவர் கேட்டதே இல்லை அல்லவா.

"ஏசி தண்ணி மேடம். அது வெளிய போற டியூப் ரிலேவுக்கு நேர் மேலதான் வருது. வளைவுல வண்டி சாயும்போது ஜாயிண்ட்ல ரெண்டு சொட்டு சொட்டும். எல்லா வேன்லயும் அப்படித்தான்."

"எல்லாத்துலயுமா? இத ஏன் சீட்டுல எழுதல?"

"எழுதலாம்னு இருந்தேன் மேடம்" என்று அசடு வழிந்தார் அவர்.

எப்போது எழுதுவதாக இருந்தார் என்று பளிச்சு கேட்கவில்லை.

அவள் பதிவேடுகளை இறக்கினாள். மூன்று வருடத்தில் அந்த மாதிரி ரிலே நாற்பத்தொன்று வந்திருந்தது. நாற்பத்தொன்றுக்கும் எதிரே சோதனைக்கூடம் எழுதிய ஒரே பதில், குறை இல்லை. எப்படி இருக்கும்? பச்சையைச் சுரண்டி, ஸ்பிரே அடித்து, வெயிலில் காயவைத்து அனுப்பினால் மெஷின் என்ன கண்டது? மெஷின் பொய் சொல்லவில்லை. மெஷினிடம் உண்மையைக் காட்டவே இல்லை. அவற்றில் பதினேழு ரிலே முதலில் அழுக்காகத்தான் வந்திருந்தது. பதினேழையும் சிவப்புச் சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பியது அவள்.

பதினேழில் ஒன்றுக்கு எதிரே இருந்த வண்டி எண் அவளுக்கு மனப்பாடம். அத்தானுடைய வேன். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்கும் இங்கே பெட்டிகளுக்குமாக அவள் ஓடிக்கொண்டிருந்தாள். எண்ணைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறாள். சிவப்புச் சீட்டின் நகலில், "அழுக்காக உள்ளது. சுத்தம் செய்து அனுப்பவும்." அடியில் அவள் கையெழுத்து, வழக்கம்போல ஒரு கோட்டோடு. பளிச்சு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எதையும் துடைக்கவில்லை.

சோதனைக்கூடத்து இன்ஜினியரைக் கண்ணாடி தடிமனைப் பார்த்து எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவரிடம் ரிலேவைக் கொண்டுபோனாள்.

"ஒரே ஒரு பீஸ வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?" என்று முதலில் அலுத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரிலேவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அலுப்பெல்லாம் போய்விட்டது. அன்றைக்கே ஒரு வேனைச் சாய்தளத்தில் ஏற்றி, ஏசியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக ஆரம்பித்தார். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் ஆகவில்லை. மேலிடத்திலிருந்து, வேலையைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஒற்றைக்காலில் நின்றார். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, இடதுபக்கம் சாய்ந்திருந்த வேனின் இன்ஜின் பட்டென்று அணைந்தது. சோடாபுட்டி கைதட்டினார். அப்புறம், தான் எதற்குக் கைதட்டினோம் என்று உறைத்து, மெதுவாகக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அடுத்து கூட்டம். பளிச்சுவையும் கூப்பிட்டிருந்தார்கள். நீளமேசைக்கு அந்தப்பக்கம் விற்பனை அதிகாரி, கம்பெனி வக்கீல், தரப் பிரிவின் தலைவி. விற்பனை அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "எதுக்கு ஊரைக் கூட்டணும்? அடுத்த சர்வீஸுக்கு வர்றப்ப டியூபைத் தள்ளி வச்சு, ரிலேவுக்கு ஒரு மூடி போட்டுடுவோம். வாய் தொறக்க வேண்டாம்" என்றார். வக்கீல் தலையை ஆட்டினார். பூசி மெழுகுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது.

தலைவி பளிச்சு பக்கம் திரும்பினார். "நீங்கதானே கண்டுபிடிச்சது? நீங்க என்ன சொல்றீங்க?"

பளிச்சு மேசைக்கு அடியில் துணியைத் தேடினாள், கொண்டுவரவில்லை. "சர்வீஸுக்கு வராத வண்டி இருக்குங்க மேடம்" என்றாள். "அப்புறம்... உன் தப்புதான்னு நாம ஏற்கெனவே சொல்லி அனுப்பினவங்க இருக்காங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

"அப்படி எத்தனை பேர்?"

"பதிவேட்டுல நாப்பத்தொரு பேர். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர். மூணு வருஷமா அவர் பொண்டாட்டி கைய உடைச்சது தான்தான்னு நெனச்சிட்டிருக்கார்."

தலைவி பேனாவை மூடினார். இந்த மாதிரி வேன் எல்லாவற்றையும் திரும்ப அழைப்போம், இன்றிலிருந்து புதிது ஒன்றுகூட விற்பனைக்குப் போகக்கூடாது, உரிமையாளர் எல்லோருக்கும் கடிதம் போகவேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். மறுநாள் கடித நகல் பளிச்சுவின் மேசைக்கு வந்தது. "இதற்கு முன் உங்களுக்கு நேர்ந்த இத்தகைய நிகழ்வு உங்கள் தவறால் ஏற்பட்டதல்ல, நாங்கள் அனுப்பிய பதில் தவறானது" என்று அந்த நாற்பத்தொரு பேருக்கு மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தது. வக்கீல் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். தலைவி அதன்மேல் பச்சை மையால், "இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக அந்த அம்மாள் காலில் விழலாம் என்று பளிச்சுவுக்குத் தோன்றியது. விழவில்லை. அவர் அறையின் கண்ணாடிக் கதவைப் போய்த் துடைத்துவிட்டு வந்தாள்.

அத்தானுக்குக் கடிதம் வந்த அன்று சாயந்திரம் அக்கா போன் செய்தாள். "வாடி" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பளிச்சு போனபோது அத்தான் காவல்காரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து படித்தார், திரும்பவும் அந்த வரியில் நிறுத்தினார். "அப்ப நான் இல்ல" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். பன்னிரண்டு வருடம் பெரிய வண்டி ஓட்டின மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

"நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்னு அன்னிலேருந்து சொல்லிட்டிருக்கேன்" என்று அக்கா அவரை அதட்டினாள், அவளும் அழுதுகொண்டே.

பளிச்சு பேசாமல் கிளம்பியிருக்கலாம். கடிதம் வந்துவிட்டது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் ஒரு மாதமாகக் கைப்பையில் வைத்துச் சுமந்த சிவப்புச் சீட்டு நகலை எடுத்து அத்தான் கையில் கொடுத்தாள்.

"உங்க ரிலே மொதல்ல கறையோடதான் வந்துது அத்தான். நான்தான் கழுவி அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்னிக்கு நான் அப்படியே அனுப்பியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல உங்ககிட்டயே வந்து மெஷின் பொய் சொல்லாதுன்னும் சொன்னேன்."

அக்கா சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். தங்கையின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? முகம் சிவந்தது. "ஏண்டி..." என்று ஆரம்பித்தாள். அத்தான் கையை உயர்த்தினார்.

"விடு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பளிச்சுவைப் பார்த்தார். "என் தப்புன்னு நெனச்சுக்கிட்டு மூணு வருஷம் இருந்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. நீ ஒரு மாசம் இருந்திருக்கே. போதும்."

இப்படி ஒரு மனிதரைப் போய் ஒரு மெஷினை நம்பிச் சந்தேகப்பட்டோமே என்று பளிச்சுவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நன்றி பெரிதாக இருந்தது.

"வண்டிய ஏன் விக்கலன்னு கேட்டியே" என்றார் அவர். "வாங்கறவன் பக்கத்துலயும் ஒரு பொண்டாட்டி உக்காருவால்ல? அதான்."

ஆக, கோளாறு வண்டியிலும் இருக்கலாம் என்று உள்ளுக்குள் அவர் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது தெரிந்து பளிச்சுவும் அழுதாள். இந்தத் தடவை அக்காதான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

வேனைச் சரிசெய்ய வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய சர்வீஸ் சென்டர் இருந்தது. அத்தான் அங்கே போக மறுத்துவிட்டார். "அந்தக் கழுவாத புண்ணியவான் ஒர்க்ஷாப்புக்குத்தான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, வேனை இழுவை வண்டியில் ஏற்றி, மூன்று பேருமாக ஊர்க்கோடிக்குப் போனார்கள். அத்தான் நாளைக்குவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நாளைக்கு நெளிந்தார். "சார், என்னைத் தேடி வர்றவங்க எல்லாம் திட்டத்தான் வருவாங்க. சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்லி யாரும் வந்ததில்ல. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா இடத்தையாவது கூட்டி வச்சிருப்பேன்."

ஆனாலும் வேலை என்று இறங்கினால் அவர் கை வேறு கையாகிவிடும். ஏசி டியூபைத் தள்ளி ஓட்டினார், கம்பெனி அனுப்பிய மூடியைப் பொருத்தினார், விபத்துக்குப் பின் மாட்டியிருந்த ரிலேவை உருவினார். வாரம் ஒருநாள் ஓடிய ஏசிக்கே அதன் காலில் ஒரு மூலையில் பச்சை பிடித்திருந்தது. கம்பெனியிலிருந்து ஆளே நேரில் வந்திருக்கிற மரியாதைக்கு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோளிலிருந்த துணியை எடுத்து அதைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

நாளைக்கு வெலவெலத்துப்போய் ரிலேவை அத்தான் கையில் போட்டுவிட்டார். அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பளிச்சுவிடம் நீட்டினார்.

"அழுக்காத்தான் இருக்கு. வாங்கிக்கிறியாம்மா?"

பளிச்சு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அத்தான் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். சாவியைத் தொடுமுன் கொஞ்சம் தயங்கினார். அக்கா சுற்றிவந்து, அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஜின் எடுத்தது. மேம்பாலத்து வளைவு வருமுன் அத்தான் ஏசியைப் போட்டார். வேன் இடதுபக்கம் சாய்ந்து இறங்கியது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்குக் கம்பம் ஜன்னலைத் தாண்டிப் போனபோது அக்கா உடைந்து கூடிய கையை அவர் தோளில் வைத்தாள்.

பின்சீட்டில் பளிச்சுவின் உள்ளங்கையெல்லாம் பச்சையும் கறுப்புமாக ஆகியிருந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் கையைத் துடைக்கவில்லை.